பெட்டிக்குப் போகி பூட்டிய கதை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் முதுநகரிலிருந்து சிதம்பரம் வந்து படித்தவன். படித்த காலத்தில் பெரும்பகுதி அகலப்பாதை வேலைக்காக ரயில் நின்றிருந்தது. 2010-இல் மறுபடி ஓடத் தொடங்கியபோது என் படிப்பே முடிந்துவிட்டது. பஸ்ஸில் தொங்கியவனுக்கு ரயில் ஆசை தீருமா? போன கோடை விடுமுறையில் முதுநகர் வீட்டில், என் மகனுக்காக அட்டையில் ஒரு ரயில் பெட்டி செய்தேன்.

நம் ஊரில் பெட்டியையே 'போகி' என்போம். உண்மையில் போகி என்பது பெட்டிக்கு அடியில் இரு முனையிலும் இருக்கும் நான்கு சக்கரச் சட்டம். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர், போகி மையங்களுக்கு இடையே சுமார் 14.8 மீட்டர். 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 245 மில்லிமீட்டர் பெட்டி, 170 மில்லிமீட்டர் இடைவெளி. கணக்கெல்லாம் சரிதான்.

இரண்டு போகிகளையும் ஸ்க்ரூ போட்டு நன்றாக இறுக்கினேன். நேர்பாதையில் ஜோராக ஓடிய பெட்டி, வளைவில் தடம் புரண்டது. இரண்டையும் தளர்த்தினேன். திரும்பியது, ஆனால் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து ஆடியது. மகன் கேட்டான், "அப்பா, நீங்க இன்ஜினியர்தானே?"

திண்ணையில் என் தந்தையார் உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். இன்ஜினியரிங் சேர்ந்த நாள் முதல் நானும் அவரிடம் ஒரு சந்தேகமும் கேட்டதில்லை.

"எடுத்துட்டு வாடா. முக்காலி ஆடுமா?"

"ஆடாதுப்பா."

"நாலு கால் ஸ்டூல்?"

"தரை சமமில்லேன்னா ஆடும்."

"அவ்வளவுதான் விஷயம். ஒரு போகி திரும்பட்டும், சாயக் கூடாது. இன்னொண்ணு திரும்பவும் செய்யணும், சாயவும் செய்யணும்."

ஒரு முனையில் ஸ்க்ரூவுக்கு இரு பக்கமும் சின்ன அட்டைத் துண்டு ஒட்டினார். மறுமுனையில் நடுவில் ஒரே ஒரு வாஷர். ஆக, பெட்டி மூன்று இடத்தில் உட்கார்ந்தது. ஸ்க்ரூ போகி திரும்பும் அளவுக்கு மட்டும் இறுக்கம். அது மேலும் கழலாதபடி இரண்டாவது நட். வளைவில் பெட்டி அழகாகத் திரும்பியது!

பிறகு சொன்னார்: நிஜ ஐ.சி.எஃப். பெட்டியில் நடுவில் இருக்கும் பிவட் எடையைத் தாங்குவதில்லையாம். இழுவிசையையும் பிரேக் விசையையும் கடத்துவதுதான் அதன் வேலை. எடை முழுவதும் பக்கத் தாங்கிகளின் மேல். பட்டம் வாங்கிய எனக்கு அது தெரியாது.

அன்றிரவு பத்து மணி வரை அப்பா பேசிக்கொண்டே இருந்தார். பேரன் மடியிலேயே தூங்கிவிட்டான். நான் தூங்கவில்லை.

தம்பி தங்கைகளே, பிராஜெக்ட் எங்காவது தடம் புரண்டால் ஒர்க்‌ஷாப்பில் இருப்பவரிடம் கேளுங்கள், வீட்டில் இருப்பவரிடமும் கேளுங்கள். என்னைப் போல இத்தனை வருஷம் தள்ளிப்போடாதீர்கள்.