முப்பது காத வழி

(திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



புகார் நகரை விட்டு நீங்கிய கண்ணகி, ஒரு காவத அளவே நடந்து, கால் சோர்ந்து, மதுரை எங்குள்ளது என்று கணவனைக் கேட்கிறாள். முப்பது காதம் என்றால் அஞ்சுவாளே என்று எண்ணிய கோவலன், அந்த எண்ணை நேரே சொல்லாமல் ஆறையும் ஐந்தையும் அடுக்கி, அண்மையில்தான் என்று சொல்லி நகைக்கிறான். பள்ளியில் தமிழ் பயின்ற பிள்ளைகளும் அறிந்த இடம் இது. ஆனால் அவ்விருவர் நடந்த வழியை நேரிற் சென்று கண்டவர் எத்தனை பேர்? பள்ளிச் செலவு என்றால் உதகை, கொடைக்கானல் என்று மலையேறும் ஆசிரியப் பெருமக்களும் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

புகாரில் தொடங்கித் திருவரங்கம், உறையூர், கொடும்பாளூர் வழியே மதுரை செல்ல இன்றைய சாலையில் ஏறத்தாழ 280 கிலோ மீட்டர். மகிழுந்தில் காலையிற் புறப்பட்டால் மாலையில் மதுரை. அப்படிச் செல்வதற்குச் செல்லாமலே இருக்கலாம். அவர்களோ கவுந்தியடிகளுடன் நாளொன்றுக்குக் காவதத்துக்கு மேல் கடவாமல், இடையிடையே பல நாள் தங்கியே சென்றனர். ஊர்தியிற் செல்வோர் மூன்று நாளேனும் ஒதுக்குதல் வேண்டும். ஆற்றில் நீர் வந்தபின் செல்வதே நன்று. மேட்டூர் அணையைச் சூன் 12ஆம் நாள் திறப்பது வழக்கம். மழை பொய்த்த ஆண்டுகளில் அது தள்ளிப்போகும்.

பூம்புகாருக்கு வருவோர் 1973இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் கடற்கரையையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அருகிலுள்ள கீழையூரில் செங்கல்லாலான படகுத்துறை ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. படகு கட்ட நட்ட மரத்தூண்களின் அடிப்பகுதி அங்கே கிடைத்தது. கரிமக் கணிப்பு அதைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு அளவினது என்று காட்டிற்று. பல்லவனீச்சரத்தில் புத்தப் பள்ளியின் அடித்தளம் உள்ளது. செலவைத் தொடங்க வேண்டிய இடங்கள் இவை.

அங்கிருந்து மேற்கே மயிலாடுதுறை. மாயூரம் என்றும் மாயவரம் என்றும் வழங்கிய இவ்வூருக்கு 1982இல் அரசு பழம்பெயரை மீட்டுத் தந்தது. குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர் என்று சாலை தென்கரையிற் செல்கிறது. இடைமருதை மத்தியார்ச்சுனம் என்றும், ஐயாற்றைப் பஞ்சநதம் என்றும் ஏட்டில் மாற்றி எழுதினார்கள். பேருந்து நடத்துநர் இன்றும் திருவிடைமருதூர் என்றும் திருவையாறு என்றுமே கூவுகிறார். எழுத்தறிந்தவர் மாற்றியதை எழுதாதவர் வாய் ஏற்கவில்லை. குடமூக்கு மட்டும் அவ்வாறு தப்பவில்லை. குடந்தை என்ற பெயரே அதன் எச்சமாக நிற்கிறது.

குடந்தையில் ஆறு கடந்து வடகரை ஏறினால் திருவையாற்று வழி. கவுந்தியடிகள் வழியின் இடர்களைச் சொன்ன பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கத்தக்க நிலம் இது. தோப்பு வழியே சென்றால், வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழிகளைச் செண்பகப் பூ உதிர்ந்து மூடியிருக்கும், கால் தவறும். குனியாமல் நடந்தால் பலாப்பழம் தலையில் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் பயிரான இடத்தில் பலாக்கொட்டை பரல்போல் காலை உறுத்தும். வயல் வழியே சென்றாலோ நண்டும் நத்தையும் மிதிபட்டு இறக்கும். அத்துயர் அவருக்குப் பொறுக்கவொண்ணாதது. ஆற்று வளத்தைப் பாடுவோர் பலர். அவ்வளத்தில் கால் வைத்து நடப்பவரின் தொல்லையை இப்படி நுணுகிச் சொன்னவர் அரியர். அன்று அவர்கள் நடவுப் பாட்டும் ஏர்ப் பாட்டும் களத்துப் பாட்டும் கேட்டுச் சென்றனர். நடவுப்பொறி வந்தபின் நாற்றுப் பாட்டு அருகிவிட்டது. மதகில் நீர் பாயும் ஒலியைக் கேட்க ஊர்தியின் பொறியை நிறுத்தினால் போதும்.

கல்லணையில் ஒரு வேளை தங்குதல் வேண்டும். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புதுஆறு என நீர் பிரியும் இடம். இவற்றுள் புதுஆறு 1934இல் வெட்டி முடிந்த கால்வாய். கரிகாலன் பெயரோடு சேர்ந்த அணையின் நீளம் 329 மீட்டர். அதனைக் கடந்தால் அரங்கத் தீவு. ஆற்றின் தென்கரையில் உறையூர். சோழரின் பழந்தலைநகர் இன்று திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியாக அடங்கிவிட்டது. அங்கே நெடிது தங்கக் காரணமில்லை.

இனித்தான் வழியின் உயிர்நிலை. மாங்காட்டு மறையவன் ஒருவன் கோவலனுக்கு வழி சொல்கிறான். கொடும்பைப் பெருங்குளத்தை அடைந்தபின் வழி முத்தலை வேல்போல் மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் சென்றால் சிறுமலை, இடப்பக்கம் சென்றால் திருமால் குன்றம் என்னும் அழகர்மலை, இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. அந்நடுவழியில் கானுறை அணங்கு மயக்கும் என்றும் எச்சரிக்கிறான். இன்றைய நிலப்படத்தை விரித்துப் பார்க்க. திருச்சியிலிருந்து மணப்பாறை, திண்டுக்கல் செல்லும் சாலை சிறுமலைப் பக்கம். விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழிச் சாலை அழகர்மலைக்குக் கிழக்கே. துவரங்குறிச்சியிற் பிரிந்து நத்தம் வழியாக மதுரை செல்லும் சாலையோ அவ்விரு மலைகளுக்கும் இடையே புகுகிறது. ஒவ்வோர் அடியும் அதே தடம் என்று சொல்லல் வேண்டா. மலைகள் நின்ற இடத்தில் நிற்கின்றன. வழிகள் மலைக்கு இணங்கியே செல்கின்றன. காப்பியத்தைக் கற்பனை என்று தள்ளுவார் இந்த ஒரு நாள் செலவை மேற்கொண்டு, பின்னர்த் தள்ளட்டும்.

அகன்ற நெடுஞ்சாலையில் விரைவோர் கொடும்பாளூரைக் காண்பதில்லை. விராலிமலைக்கருகே திரும்பி உள்ளே செல்லல் வேண்டும். இருக்குவேளிர் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி தன் பெயரில் ஒன்றும், தேவியர் கற்றளி, வரகுணை பெயரில் இரண்டுமாக எடுப்பித்த மூவர் கோயில் அங்குள்ளது. இரண்டு நிற்கின்றன, ஒன்றுக்கு அடித்தளமே எஞ்சியுள்ளது. கட்டுச்சோற்றை அங்கே உண்டு, வெயில் தாழ்ந்தபின் துவரங்குறிச்சி சென்று நத்தம் சாலையிற் புகலாம்.

மதுரையில் வையையைக் கடக்க இன்று புணை வேண்டா. ஆண்டின் பெரும்பகுதி மணலே. பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல் என்று ஓரிடம் உண்டு. கோவலன் வெட்டுண்ட இடம் என்பது அப்பகுதி மக்கள் வழக்கு. முதுமக்கள் தாழிகள் கிடைத்த நிலம். வழி கேட்டால் கடைக்காரர் காட்டுவார்.