புற்றுநோய்க்கு ஊசி வந்துடுச்சா, டாக்டர்?

(திருவையாறு பகுதி மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அறுவடை நேரத்தில் வந்திருக்கீங்க, சீக்கிரம் முடிச்சிடறேன்.

தை மாசம் ஒரு அம்மா வந்தாங்க. மார்பில் கட்டி. ஆடியிலேயே கையில் தட்டுப்பட்டிருக்கு. "ஏம்மா இவ்வளவு நாள் வரல?" என்றேன். செல்போனை நீட்டினாங்க. 'ரஷ்யா புற்றுநோய்க்கு ஊசி கண்டுபிடித்துவிட்டது, இனி ஆபரேஷன் தேவையில்லை' என்று வாட்ஸ்அப் தகவல். "அந்த ஊசி இங்க வரட்டும்னு இருந்தேன் டாக்டர்" என்றாங்க.

2024 டிசம்பரில் ரஷ்யா அப்படி அறிவித்தது உண்மைதான். ஆபரேஷன் வேண்டாம் என்ற வரியை எந்தப் புண்ணியவான் சேர்த்தாரோ!

அது எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசி. நாற்றங்காலில் நெல் மாதிரியே ஒரு புல் முளைக்குமே, உங்களுக்கு நான் சொல்லணுமா? புதுசா இறங்குறவங்க கண்ணுக்கு இரண்டும் ஒண்ணுதான். நீங்க இலை பிரியும் இடத்தைப் பார்த்துச் சரியாப் பிடுங்கிடுவீங்க. புற்றுநோய் செல்லும் நம்ம உடம்பு செல் மாதிரியே இருப்பதால், நோய் எதிர்ப்பு சக்தி ஏமாந்து போகுது. நோயாளியின் கட்டியில் மட்டும் உள்ள அடையாளங்களைக் கண்டுபிடித்து, 'இதைப் பிடுங்கு' என்று உடம்புக்குச் சொல்லும் குறிப்புதான் இந்த ஊசி. ஒருவருக்காகச் செய்தது இன்னொருவருக்கு ஆகாது. கட்டியின் திசு இல்லாமல் அதைத் தயாரிக்கவே முடியாது.

பலன் இருக்கா? நம்பிக்கை தருது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள 157 பேரிடம் மாடர்னா, மெர்க் நிறுவனங்கள் நடத்திய ஆய்வில், ஊசியும் சேர்த்துப் போட்டவர்களுக்கு நோய் திரும்பும் அல்லது உயிர்போகும் அபாயம் 44 சதவீதம் குறைந்தது. நியூயார்க்கில் கணையப் புற்றுநோயாளிகள் 16 பேருக்குப் போட்டதில் 8 பேர் உடம்பில் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டது. ஆனா கவனிங்க, இவங்க எல்லாருக்குமே முதலில் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துட்டாங்க. ஊசி அதற்குப் பிறகுதான்! பெரிய அளவிலான ஆய்வுகள் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன.

இங்கே இப்போது கையில் இருப்பதைச் சொல்றேன். மார்பகம், கருப்பை வாய், வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நம்ம நிலையத்திலேயே இலவசம். சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. போனில் எது வந்தாலும் அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன் 104-ஐக் கூப்பிட்டுக் கேளுங்க.

அந்த அம்மாவுக்கு ஆடியில் கட்டி நெல்லிக்காய் அளவுதான் இருந்துச்சாம். இப்ப, முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கணும், அப்புறம்தான் ஆபரேஷன்னு பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்காங்க. போய்ட்டு வந்துட்டு இருக்காங்க.

வெளியே வேப்பமரத்தடியில் செவிலியர் உட்கார்ந்திருக்காங்க. 30 வயது தாண்டினவங்க பரிசோதனைக்குப் பேர் கொடுத்துட்டுப் போங்க.