ஆபரேஷன் பாதி, பயிற்சி பாதி
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கடன் வாங்கித் தொழில் செஞ்சதைப் பத்திப் பேசுன்னுதான் தலைவி அக்கா சொன்னாங்க. நான் என் மூட்டைப் பத்திப் பேசுறேன்னு கேட்டு வாங்கியிருக்கேன். இங்க இருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்காவது இது உதவும்.

மூணு வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மழை விட்ட மறுநாள், உளுந்துக்குக் களையெடுக்கப் போனேன். நம்ம கரிசல் மண்ணைப் பத்தி உங்களுக்குச் சொல்லணுமா? நனைஞ்சா காலை விடாது. தலையில புல்லுக்கட்டோட திரும்பினேன். உடம்பு திரும்பிட்டு, வலது கால் மட்டும் சகதிக்குள்ளேயே நின்னுட்டு. மூட்டுக்குள்ள 'டப்'புனு ஒரு சத்தம். பொழுது சாயுறதுக்குள்ள மூட்டு பானை மாதிரி வீங்கிட்டு.

தைலம் தேய்ச்சேன், கட்டுப் போட்டேன். பத்து நாள்ல வீக்கம் வத்திட்டு. சரியாப் போச்சுன்னு தீப்பெட்டி ஆபீசுக்கும் போக ஆரம்பிச்சேன். ஆனா படி இறங்கும்போதும், சட்டுனு திரும்பும்போதும் மூட்டு கழண்டு போற மாதிரி இருக்கும். தண்ணிக் குடத்தோட ரெண்டு தடவை விழுந்தேன். "வயசானா மூட்டு தேயத்தான் செய்யும்"னாங்க. எனக்கு அப்போ 38 வயசு. எட்டு மாசம் அப்படியே ஓட்டினேன்.

ஒருநாள் குழுக் கூட்டத்துல தரையில உட்கார்ந்தவ எந்திரிக்க முடியாமத் தவிச்சேன். அதைப் பார்த்த எங்க குழுத் தலைவிதான் கையோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர் காலை மடக்கி, கீழ்க்காலை முன்னால இழுத்துப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஜவ்வு அறுந்திருக்குன்னு சொன்னார்.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் நழுவாம இருக்க, கயிறு மாதிரி முக்கியமா நாலு ஜவ்வு இருக்கு. ரெண்டு பக்கவாட்டுல, ரெண்டு மூட்டுக்குள்ள குறுக்கே. எனக்கு அறுந்தது உள்ளே முன்பக்கம் இருக்கிறது. தேய்மானம் வேற, இது வேற. ஜவ்வு அறுந்த எல்லாருக்கும் ஆபரேஷன் வேணும்னு இல்லை. சிலருக்குப் பயிற்சியே போதும். என் மூட்டு அடிக்கடி நழுவுனதால ஆபரேஷன்தான்னு முடிவாச்சு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்ததால பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில செலவுக்குப் பயப்படாம சேர்ந்தேன். தொடைக்குப் பின்னால இருந்து நார் எடுத்து, எலும்புல துளை போட்டு, அறுந்த ஜவ்வுக்குப் பதிலா வச்சாங்க.

அதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். பிசியோதெரபி தங்கச்சிதான் சொல்லுச்சு: "அக்கா, டாக்டர் வேலை முடிஞ்சது. இனிமே உங்க வேலை."

அது சொல்லிக் குடுத்தது இதுதான். கணுக்காலை மேலேயும் கீழேயும் அசைக்கணும், ரத்தம் கட்டாது. சுருட்டின துண்டை மூட்டுக்கு அடியில வச்சு, தொடையை இறுக்கி அமுக்கணும். குதிகாலைப் படுக்கையோட இழுத்து மடக்கணும். துணியில சுத்தின ஐஸ் கால் மணி நேரம் வைக்கணும். காலை நேரா நீட்டுறது முதல் ரெண்டு வாரத்துலயே வந்துடணும். முக்கியமா, படுக்கும்போது மூட்டுக்கு அடியில தலையணை வைக்கக் கூடாது. குதிகாலுக்கு அடியிலதான் வைக்கணும்.

வீட்டுக்கு வந்து நான் என்ன செஞ்சேன்? சுகமா இருக்குன்னு மூட்டுக்கு அடியிலயே தலையணை வச்சேன். "ஆபரேஷன் பண்ணின காலை ஆட்டலாமா தாயி"ன்னு மாமியார் பாசத்துல தடுத்தாங்க. மூணாவது வாரமே அடுப்படிக்கும் போயிட்டேன். பயிற்சிக்கு நேரம் எங்கே? ஒன்றரை மாசம் கழிச்சுப் போனப்போ கால் நீட்ட வரல. பிசியோதெரபி தங்கச்சி அளந்து பார்த்துட்டு, "இப்படியே விட்டா காலம் பூரா நொண்டணும்"னு சொல்லுச்சு. பஸ்ல வீடு வந்து சேர்ற வரைக்கும் அழுதேன்.

அந்த வாரக் கூட்டத்துல சொன்னேன். யாரும் பரிதாபப்படல. தீர்மான நோட்டை எடுத்தாங்க. மூணு மாசத் தவணையைக் குழு நிதியிலிருந்து கட்டுறது, நான் வேலைக்குப் போனதும் திருப்பித் தர்றது. காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி, முறை வச்சு ரெண்டு பேர் என் வீட்டுக்கு வர்றது. ஒருத்தி பாத்திரம் துலக்குவா, இன்னொருத்தி பக்கத்துல உட்கார்ந்து எண்ணுவா. வெட்கப்பட்டோ என்னவோ, என் வீட்டுக்காரரும் குடத்தைத் தூக்கிட்டார். நாலு மாசத்துல கால் நேரானது. பத்தாவது மாசம் களைக்குப் போனேன். தவணைப் பணத்தையும் கட்டி முடிச்சிட்டேன்.

இன்னொண்ணு. வலி போயிட்டா மூட்டு ஆறிட்டுன்னு அர்த்தம் இல்லை. மாத்தி வச்ச நார் முதல் சில மாசம் பலம் குறைஞ்சுதான் இருக்கும். அப்புறம்தான் மெதுவா உறுதியாகும். நம்ம கோவில்பட்டி ஹாக்கி ஊர். உங்க பொம்பளப் பிள்ளைகளும் மட்டையோட ஓடுதுக. விளையாடுற பிள்ளைகள்ல இந்தக் காயம் பையன்களை விடப் பெண்பிள்ளைகளுக்கு அதிகம். ஆபரேஷன் ஆன பிள்ளையை ஒன்பது மாசத்துக்கு முன்னால மைதானத்துல இறக்காதீங்க.

ஆபரேஷன் முடிஞ்ச முதல் ரெண்டு நாளும் கவனமா இருங்க. 2022 நவம்பர்ல சென்னையில, கால்பந்து ஆடின 17 வயசுக் கல்லூரி மாணவிக்கு ஜவ்வு ஆபரேஷன் நடந்தது. கட்டு இறுக்கமா இருந்ததால ரத்த ஓட்டம் நின்னு, காலையே எடுத்தாங்க. அப்படியும் அந்தப் பிள்ளை உயிர் பிழைக்கல. அதனால கால் மரத்தாலோ, விரல் நீலமானாலோ, சில்லிட்டாலோ, வலி கூடிக்கிட்டே போனாலோ விடியட்டும்னு இருக்காதீங்க. நர்சைக் கூப்பிடுங்க. வரலைன்னா சத்தம் போடுங்க. அது மரியாதைக் குறைவு இல்லை.

2021 ஆகஸ்ட்டுல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல, நடக்க முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்காங்க. அதுல வேலை பார்க்கிற சுகாதாரத் தன்னார்வலர்களும் நம்மள மாதிரி குழுப் பெண்கள்தான். கேட்டு வாங்குங்க.

கடைசியா ஒரு கோரிக்கை. நம்ம குழுவுல யாருக்கு ஆபரேஷன் ஆனாலும், ஹார்லிக்ஸ் பாட்டிலோட பார்க்கப் போறதை விட, அவளுக்குத் தினம் ஒரு மணி நேரத்தை உண்டாக்கிக் குடுங்க. எனக்கு நீங்க குடுத்தது அதுதான். இன்னைக்கு இந்த மேடைப் படியில யார் கையும் பிடிக்காம ஏறி வந்தேன்.