விளையாட்டுக்குப் போட்ட விலை

(செங்கல்பட்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியது)

முன்னால் வந்து உட்காரக் கூச்சப்பட்டு டீக்கடை ஓரமாக நிற்கிற தம்பிகளே!

பாலாற்று மணலைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். குறிப்பு எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அது அங்கேயே இருக்கட்டும். போன செவ்வாய்க்கிழமை ராத்திரியிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைச் சொல்லாமல் மணலைப் பேசிவிட்டு இறங்கினால் என் கட்டை வேகாது.

அன்று ராத்திரி ஒரு தாய் என் வீட்டுக் கதவைத் தட்டினார். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தில் சிலைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை. முழங்கை வரைக்கும் கல் தூசி. "அண்ணே, இதைப் பாருங்கண்ணே" என்று செல்போனை நீட்டினார். பார்த்தேன். பதினோராம் வகுப்புப் பெண் பிள்ளைகள் ஆறு பேர். பள்ளிக்கூடச் சீருடையில் எடுத்த படம். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு விலை! ஏலம் விட்டிருக்கிறார்கள். கடைசிப் பிள்ளைக்கு ஐந்து ரூபாய். ஏன் ஐந்து ரூபாய்? பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்கிறது: 'காலனி'. அந்த ஐந்து ரூபாய்ப் பிள்ளையைப் பெற்றவர்தான் என் வாசலில் நின்றவர்.

போட்டவர்கள் கூடப் படிக்கிற பையன்கள். கேட்கப் போன தாய்க்குப் பெரிய மனிதர்கள் சொன்ன பதில் என்ன தெரியுமா? "விளையாட்டுக்குச் செஞ்சிட்டாங்கம்மா. பசங்க. பரீட்சை வருது. பெரிசு பண்ணாதீங்க."

விளையாட்டுக்கு! கோலி விளையாடினால் விளையாட்டு. கபடி விளையாடினால் விளையாட்டு. கூடப் படிக்கிற பிள்ளைக்கு விலை போடுவது எந்த ஊர் விளையாட்டு?

தோழர்களே, இந்த விளையாட்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன், கேளுங்கள்.

2021 ஜூலை. கிட்ஹப் என்று ஒரு தளம். மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைப் போட்டு வைக்கிற இடம், மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதில் 'சுல்லி டீல்ஸ்' என்று ஒரு செயலியைப் போட்டார்கள். 'சுல்லி' என்பது முஸ்லிம் பெண்களைக் கேவலமாகக் குறிக்கிற சொல். எண்பதுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி, 'இன்றைய உங்கள் டீல் இதுதான்' என்று காட்டினார்கள். அதில் ஹனா மொஹ்சின் கான் என்கிற விமானி இருந்தார். பத்திரிகையாளர்கள் இருந்தார்கள். டெல்லியில் வழக்குப் பதிவானது. ஆறு மாதம் ஒரு கைது இல்லை. ஆறு மாதம்! ஏன்? விளையாட்டுக்குச் செய்தார்களாம்.

ஆறு மாதம் சும்மா விட்டதற்குப் பலன் என்ன? 2022 புத்தாண்டு அன்று காலையில் 'புல்லி பாய்' வந்தது. அதே தளம், அதே ஏலம். இந்த முறை நூறு பெண்கள் அளவில். அந்தப் பட்டியலில் ஃபாத்திமா நஃபீஸ் இருந்தார். யார் அவர்? 2016 அக்டோபர் 15 அன்று டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலிருந்து காணாமல் போன நஜீப் என்ற மாணவரின் அம்மா. பிள்ளையைத் தேடி வீதி வீதியாக நடந்த தாய். அந்தத் தாயை ஏலத்தில் விட்டார்கள் ஐயா! இதற்குமா விளையாட்டு என்று பேர்?

இஸ்மத் ஆரா என்கிற இளம் பத்திரிகையாளர் தன் படத்தையும் அதில் பார்த்துவிட்டு, அழுதுகொண்டு உட்காராமல் டெல்லி போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார். மும்பை போலீஸ் முதலில் கிளம்பியது. பெங்களூரில் 21 வயது பொறியியல் மாணவர் பிடிபட்டார். உத்தரகண்டில் பதினெட்டு வயதுப் பெண் ஒருவர். அப்போது ட்விட்டரில் ஒருவர் தலையை நீட்டினார்: 'தப்பான ஆளைப் பிடித்துவிட்டீர்கள், செய்தவன் நான்தான்' என்று போலீசுக்கே சவால். ஜப்பான் கார்ட்டூன் ஒன்றில் வருகிற வீரனின் பெயர்தான் அவருக்கு முகமூடி. வீரர் சீக்கிரமே அசாம் ஜோர்ஹாட்டில் அவர் வீட்டிலேயே அகப்பட்டார். அவருக்கும் 21 வயதுதான். தவளை தன் வாயால் கெடும்! (சிரிப்பு)

தவளை என்றதும் ஞாபகம் வருகிறது. உண்மையாகவே இந்தக் கதையில் ஒரு தவளை உண்டு. அமெரிக்காவில் மாட் ஃப்யூரி என்று ஓர் ஓவியர். 2005-இல் ஒரு தவளையை வரைந்தார். பெப்பே என்று பெயர். பாவப்பட்ட, சோம்பேறித் தவளை. ஃபோர்சான் என்ற தளம் அதைத் தூக்கிக்கொண்டு போனது. 2003-இல் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஜப்பான் கார்ட்டூன் படம் பகிர ஆரம்பித்த தளம் அது. யாரும் பெயர் சொல்ல வேண்டாம், முகம் காட்ட வேண்டாம். முதலில் கார்ட்டூன். அப்புறம் கிண்டல். அப்புறம் பெண்களைக் கிண்டல். 2014-இல் வீடியோ கேம் செய்கிற பெண்களைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டி வீட்டை விட்டே ஓட வைத்தார்கள். 2016-இல் அந்தத் தவளைக்கு ஹிட்லர் மீசை வந்துவிட்டது. ஓவியர் கெஞ்சிப் பார்த்தார், தன் கதையில் தவளையைச் சாகடித்தே பார்த்தார், வழக்கும் போட்டார். வெறுப்பு சாகவில்லை. 2019 மார்ச் 15, நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் இரண்டு மசூதிகளில் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் அதே மாதிரி இன்னொரு தளத்தில் தன் கூட்டாளிகளுக்குச் சொல்லிவிட்டு, ஃபேஸ்புக்கில் நேரலை போட்டுக்கொண்டே சுட்டான். அவன் எழுதி வைத்த அறிக்கையிலும் அந்தக் கூட்டத்துக்கு மட்டும் புரிகிற நக்கல். அதையும் யாராவது விளையாட்டு என்று சொல்வீர்களா?

அந்தத் தவளை நம் நாட்டுக்கு வந்து நெற்றியில் திலகம் வைத்துக்கொண்டது. 'ட்ராட்' என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறது ஒரு கூட்டம். பாரம்பரியக்காரர்களாம். இவர்களுக்கு முஸ்லிம் மட்டும் எதிரி என்று நினைக்காதீர்கள். அம்பேத்கர் படத்தை அசிங்கப்படுத்துவது இவர்களுடைய அன்றாடப் பூசை. சாதி மாறிக் கல்யாணம் செய்தால் வசை. பெண் படித்தால் வசை. பிரதமர் மோடியே இவர்களுக்குப் போதவில்லை. 'மௌலானா மோடி' என்று அவருக்கும் பட்டம் கட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் இவர்கள் எவ்வளவு தூரம் போய்விட்டார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். புல்லி பாய் செய்தவர்கள் சீக்கியப் பெயர்களில் கணக்குத் தொடங்கி, பழி சீக்கியர் தலையில் விழட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள் என்றது மும்பை போலீஸ். இத்தனை திட்டத்தோடு செய்தது விளையாட்டா?

2022 மார்ச் கடைசியில், சுல்லி டீல்ஸ் வழக்கிலும் புல்லி பாய் வழக்கிலும் முக்கியக் குற்றவாளிகளாகச் சொல்லப்பட்டவர்களுக்கு டெல்லியில் ஜாமீன் கிடைத்தது. முதல் முறை தவறு செய்தவர்கள், உள்ளே வைத்திருந்தால் அவர்கள் நலம் கெடும் என்று காரணம். அவர்கள் நலம்! ஏலத்தில் நின்ற பெண்கள் எத்தனை பேர் படத்தை எடுத்துவிட்டு, கணக்கை மூடிவிட்டு, வாயையும் மூடிக்கொண்டு போனார்கள். அவர்கள் நலத்தை யார் கேட்டது?

"இதெல்லாம் வடக்கே, நம்ம ஊர் பெரியார் மண்" என்று சிலர் மார்தட்டுவார்கள். தட்டுங்கள், வலிக்கும் வரைக்கும் தட்டுங்கள். 2015-இல் சாதி வெறிக்குப் பலியான தலித் இளைஞர் கோகுல்ராஜின் கொலை வழக்கில் தேடப்பட்ட யுவராஜ், தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்பினாரே, அதைக் கேட்டது யார்? அடுத்தவருக்கு அனுப்பியது யார்? வடக்கத்திக்காரனா? 2022-இல் அவருக்கு ஆயுள் தண்டனை ஆனது. அந்தக் குரலைப் பகிர்ந்த கைகளுக்கு என்ன ஆனது? மறைமலை நகரிலும் கூடுவாஞ்சேரியிலும் மூட்டை தூக்குகிற பீகார்க்காரரை 'வடக்கன்' என்று மீம் போட்டுச் சிரிக்கிறவன் யார்? 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளரைத் தமிழ்நாட்டில் வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோ விட்டவனைத் திட்டினோம். நியாயம். அந்த வீடியோக்காரனும் நம்ம மீம்காரனும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை என்பதையும் சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. (கைதட்டல்)

அந்தத் தாய் காட்டிய செல்போனில் நான் பார்த்த இன்னொன்றைச் சொல்கிறேன். அந்தப் பையன்கள் குழுவின் பெயரிலேயே ஒரு சாதிப் பட்டம். பக்கத்தில் ஒரு சிங்கம். ஒவ்வொரு பையன் பெயருக்கும் பின்னால் ஒரு வால்.

எந்த ஊரில் ஐயா? செங்கல்பட்டு ஜில்லாவில்! 1929 பிப்ரவரி 17, 18. இதே செங்கல்பட்டில்தான் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார் தலைமை. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடாதே என்று இந்த ஊரில் நின்று தீர்மானம் போட்டார்கள். பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள். பாட்டன் வெட்டிப் போட்ட வாலைக் குப்பையில் தேடி எடுத்து, பேரன் இன்ஸ்டாகிராமில் ஒட்டிக்கொள்கிறான். வால் முளைத்த இடத்தில் விலைப் பட்டியலும் முளைக்கும். ஐந்து ரூபாய் என்று அந்தப் பிள்ளைக்கு விலை வைத்தது அந்த வால்தான்!

மதுராந்தகம் பக்கத்தில் கோழியாளம் என்று ஊர். இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர். 1893-இல் பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லை வைத்து ஊர் இழிவு செய்ததோ அதையே பத்திரிகைக்குப் பெயராக வைத்தார்: 'பறையன்'. வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு போய் உட்கார்ந்தார். நான் இன்னார் என்று சொல்லி உலகத்தின் முன்னால் நின்ற மனிதர் பிறந்த மண்ணில், பொய்ப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பெண் பிள்ளைக்கு விலை போடுகிறவன் தன்னைச் 'சிங்கம்' என்கிறான். சிங்கம் எங்கேயடா ஒளிகிறது? எலிதான் ஒளியும்!

செல்போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2021-இல் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் உட்காரவிடாமல் எழுப்பிவிட்டார்கள் என்று பூஞ்சேரி நரிக்குறவர் சகோதரி ஒருவர் பேசினாரே, அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் செல்போன்தான். அமைச்சர் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். முதலமைச்சர் பூஞ்சேரிக்கே போனார். கருவியைக் குற்றம் சொல்லாதீர்கள். கண்டும் காணாமல் இருக்கிற பெரியவர்களைச் சொல்லுங்கள்.

நான் திருக்கழுக்குன்றத்தில் படித்த காலத்தில், வகுப்புப் பையன் ஒருவன் ஒரு பெண்ணைப் பற்றிப் பள்ளிக்கூடச் சுவரில் கரித்துண்டால் கிறுக்கிவிட்டான். எங்கள் தமிழய்யா அவனை அடிக்கவில்லை. வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துக் கையில் கொடுத்தார். சுவர் முழுக்க அவனே அடித்தான். முடித்துவிட்டு "போகலாமா ஐயா" என்றான். "செவுரு வெளுத்துடுச்சி. இப்ப அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல போய் நில்லு, வா" என்று கூடவே நடந்து போனார். அன்றைக்கு அந்த வாசலில் தலைகுனிந்து நின்றவர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். மூன்று பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவரைக் கேளுங்கள், அன்றைக்கு "விளையாட்டுக்குச் செய்தான்" என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று.

அந்தப் பையன்களைப் பெற்றவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளை நான் வெறுக்கவில்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த ஆறு வாசலுக்கும் போங்கள். ஐந்து ரூபாய் என்று எழுதிய வாசலுக்கு முதலில் போங்கள்.

நாளைக் காலை பத்து மணிக்கு அந்தத் தாய் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்கப் போகிறார். அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்கிறார். தனியாகப் போகிறேன் என்கிறார். எட்டரை மணிக்குப் பழைய பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம். அந்தப் பிள்ளையின் பெயரை யாரும் கேட்காதீர்கள், படத்தை யாரும் பார்க்க ஆசைப்படாதீர்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு வந்து சேருங்கள்.