பரிசுப் பொருளும் பேரேடும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், வணிக உறுப்பினர் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாணிகம் பற்றிப் பேசுதற்குத் தமிழாசிரியனொருவனை அழைத்தது ஏனென்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். யாமும் அவ்வாறே எண்ணினோம். இலக்கணம் கற்பித்து இருபதாண்டு கழித்த எமக்குத் தராசு பிடிக்கத் தெரியாது. ஆயினும், எம் தம்பி நடத்திவரும் மளிகைக் கடையில், மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் பேரேடு எழுதி உதவுதல் எமக்கு வழக்கம். நான்காண்டுகட்கு முன் அக்கடையிற் புள்ளித் திட்டமொன்று தொடங்கினான். நூறு ரூபாய்க்குச் சரக்கு வாங்குவோர்க்கு ஒரு புள்ளி. புள்ளிகள் திரண்டால் அவற்றிற்கேற்பப் பாத்திரம் பண்டம் பரிசு. அதனாற் பட்ட பாட்டை எடுத்துரைக்குமாறு செயலாளரவர்கள் பணித்தனர். இப்பொழுது நம் உறுப்பினரிற் பலர் இத்தகைய திட்டம் தொடங்க எண்ணியிருப்பதாகவும் அறிவித்தனர். ஆதலின் இங்கு நிற்கின்றோம்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுவோம். அது எம் தொழில். பரிசில் என்பது கொடுப்போன் உள்ளம் உவந்து கொடுப்பது. புரவலன் யானையும் கொடுப்பான், ஒன்றும் கொடாதும் விடுப்பான். புலவன் வருந்தலாமேயன்றி வழக்காட இயலாது. புள்ளிக்குக் கொடுக்கும் பொருளோ அத்தன்மைத்தன்று. இத்துணைப் புள்ளிக்கு இன்ன பொருள் என்று பலகையில் எழுதி வைத்தபொழுதே கடைக்காரர் வாக்குக் கொடுத்துவிட்டார். அதனை நம்பி ஒருவர் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு அரிசியும் பருப்பும் வாங்கியபின், அப்பொருள் பரிசிலன்று, கடன். பரிசு என்னும் பெயரை இட்டுக்கொண்டமையாலேயே நம் கடைக்காரர்கள் இதனைத் தம் தயவென்று எண்ணிவிடுகின்றனர். எம் தம்பியும் அவ்வாறே எண்ணினான். அவனுக்குப் பேரேடு எழுதிய யாமும் அவ்வாறே எண்ணினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

இம்முறை நம் நாட்டிற் பிறந்ததன்று. அமெரிக்காவில் 1896-ஆம் ஆண்டில் ஸ்பெரி, ஹட்சின்சன் என்னும் இருவர் கூடிப் பச்சை ஸ்டாம்பு என்பதொன்றை ஏற்படுத்தினர். கடைக்காரர்கள் அந்த ஸ்டாம்புகளைக் கம்பெனியாரிடம் விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பத்து சென்ட்டுக்கு ஒன்றாக வாடிக்கையாளர்க்கு வழங்குவர். வீட்டுப் பெண்டிர் அவற்றைச் சிறு புத்தகத்தில் ஒட்டுவர். ஒரு புத்தகத்திற்கு 1200 ஸ்டாம்பு. எனவே 120 டாலருக்குக் கொள்முதல் செய்தாலன்றி ஒரு புத்தகம் நிரம்பாது. நிரம்பிய புத்தகங்களைக் கம்பெனியாரின் பரிசு நிலையத்திற் கொடுத்து, கேட்லாக்கிற் கண்ட பொருளைப் பெற்றுச் செல்வர். ஈண்டுக் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. கடைக்காரர் ஸ்டாம்பு வாங்கும்பொழுதே பணம் செலுத்திவிட்டார். பொருள் வாங்குதல், கிடங்கில் வைத்தல், உடைந்ததை மாற்றிக் கொடுத்தல் ஆகிய தொல்லைகளெல்லாம் கம்பெனியாரைச் சார்ந்தன. நம் கடைக்காரரோ ஸ்டாம்பு அச்சிடுவோரும் தாமே, கிடங்கு வைப்போரும் தாமே.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் டாம்கின்ஸ் என்பார் 1958-ல் இதனைப் பின்பற்றிப் பச்சைக் கேடய ஸ்டாம்பு தொடங்கினர். 1963-ல் டெஸ்கோ என்னும் பெருங்கடையார் அதிற் சேர்ந்தனர். 1964-ல் அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. ஸ்டாம்பின் முகத்தில் அதன் காசு மதிப்பை அச்சிட வேண்டும். குறித்த அளவு சேர்த்தவர் பொருள் வேண்டாது காசு வேண்டினால் காசே கொடுக்க வேண்டும் என்பன அதன் கட்டளைகள். கடன் என்று யாம் மேலே கூறியதை அச்சட்டம் ஒப்புக்கொண்டது காண்க. 1977-ல் டெஸ்கோ ஸ்டாம்பைக் கைவிட்டது. 1991-ல் ஸ்டாம்பே ஒழிந்தது. ஆனால் ஒரு வியப்பு. டாம்கின்ஸ் தம் பரிசு நிலையங்களை 1973-லேயே ஆர்கோஸ் என்னும் பெயரில் விலைக்கு விற்கும் கடைகளாக மாற்றிவிட்டனர். கேட்லாக்கைப் பார்த்துச் சீட்டெழுதிக் கொடுத்தால், பின்புறக் கிடங்கினின்று பொருள் வரும். ஸ்டாம்பு மடிந்தது, பொருளை எண்ணி வைத்து எடுத்துக் கொடுக்கும் திறம் மடியவில்லை. அக்காலத்தில் ஸ்டாம்பை வன்மையாக எதிர்த்த சேன்ஸ்பரி நிறுவனத்தாரே 2016-ல் ஆர்கோஸை விலைக்கு வாங்கினர் என்பது நகைத்தற்குரியது.

நிற்க. இனி எம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

ஐந்நூறு புள்ளிக்கு மூன்று லிட்டர் குக்கர் ஒன்று என்று தம்பி எழுதி வைத்தான். மொத்தக் கடையில் அதன் விலை ஆயிரம் ரூபாய். எனவே புள்ளியொன்றுக்கு இரண்டு ரூபாய் என்பது கணக்கு. பன்னிரண்டு குக்கர் வாங்கி அரிசி மூட்டைகட்குப் பின்னே அடுக்கினான். அவற்றுள் மூன்றை, வேண்டியவர் கேட்டார் என்று அசல் விலைக்கே விற்றுவிட்டான். இரண்டாம் ஆண்டுத் தீபாவளிக்கு முன் வாரத்திற் குக்கர் கேட்டு வந்தோர் பத்தொன்பதின்மர். ஒன்பதின்மர் பெற்றுச் சென்றனர்.

பத்தாவதாக வந்தவர், எம் தெருக்கோடியில் இட்டலிக் கடை வைத்துப் பிழைக்கும் ஓர் அம்மையார். அரிசியும் உளுந்தும் ஏறத்தாழ இரண்டாண்டு எம் தம்பியிடமே வாங்கியவர். மகளின் கலியாணச் சீரில் வைப்பதற்கென்றே புள்ளி சேர்த்தவர்.

“அடுத்த மாதம் வந்துவிடும் அம்மா, இல்லையேல் இந்த எவர்சில்வர் டப்பா இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றான் தம்பி.

“கலியாணம் இந்த மாதம் தம்பி. டப்பாவுக்கா சேர்த்தேன்?” என்று கேட்டு, கார்டைத் தராசுத் தட்டின்மேல் வைத்துவிட்டு அவர் படியிறங்கினார். உரத்துப் பேசவுமில்லை. யாம் பேரேட்டுடன் அங்கேயே அமர்ந்திருந்தோம். தலை நிமிர்ந்து பார்க்க எம்மால் இயலவில்லை.

மறுநாட் காலையில் பாத்திரக் கடையிற் சில்லறை விலைக்கு ஒரு குக்கர் வாங்கித் தம்பியே அவர் வீட்டிற்குக் கொண்டு சென்றான். அவர் மறுக்காது பெற்றுக்கொண்டார், காப்பியும் கொடுத்தார். ஆனால் அன்று முதல் அரிசி எதிர்க்கடையிலேதான் வாங்குகின்றார்.

அன்றிரவு கணிப்பொறியைத் திறந்து எல்லாக் கார்டுகளிலும் எஞ்சிநின்ற புள்ளிகளைக் கூட்டினோம். நாற்பத்தோராயிரத்துக்கு மேல். அஃதாவது எண்பத்திரண்டாயிரம் ரூபாய்க் கடன். எம் கையால் எழுதிய பேரேட்டில் அதற்கு ஒரு வரியும் இல்லை! கணக்கு எழுதுவோம் என்று யாம் கொண்டிருந்த செருக்கு அன்றே அடங்கிற்று.

பெருங் கம்பெனிகட்கு நம் நாட்டில் 2018 முதல் நடப்பிலிருக்கும் கணக்கு விதிப்படி, புள்ளியோடு ஒரு பொருளை விற்றால் வந்த பணம் முழுவதையும் அன்றைய வருமானமாக எழுதலாகாது. புள்ளிக்குரிய பங்கைத் தனியே நிறுத்தி வைத்து, வாடிக்கையாளர் பொருள் பெற்றபின், அல்லது புள்ளி காலாவதியானபின், வருமானத்தில் ஏற்ற வேண்டும். எத்துணைப் புள்ளி திரும்பி வாராது என்பதைப் பழைய அனுபவங்கொண்டு மதிப்பிடவும் அவர்கட்கு இடமுண்டு. சிறு கடைக்காரர் அந்த மதிப்பீட்டில் இறங்கவேண்டா என்பது எம் கருத்து. நம் தெருவில் புள்ளியை மறப்பார் யார்? யாம் செய்தது எளிது: நாடோறும் கடை சாத்துமுன், அன்று வழங்கிய புள்ளிக்கு இரண்டு ரூபாய் வீதம் எடுத்து, வேறொரு பாங்குக் கணக்கில் இடுதல். அப்பணத்தைக் கொண்டே பரிசுப் பொருள் வாங்குதல். வேறெதற்கும் அதனைத் தொடலாகாது.

கொள்முதலுக்கும் ஒரு வழி கண்டோம். நானூறு புள்ளியைத் தாண்டியோர் எத்துணையர் என்று மாதந்தோறும் கணிப்பொறியிற் பார்த்தால், விரைவில் குக்கர் கேட்டு வருவோர் இன்னாரென்று தெரிந்துபோம். அத்தொகைக்குக் குறையாமல் இருப்பு வைத்தல் வேண்டும். அரிசி மூட்டைக்குப் பின்னன்று. பூட்டுள்ள அலமாரியில், தனிப் பேரேட்டுடன். அதிலிருந்து ஒரு கரண்டியும் விற்பனைக்குப் போதலாகாது. வாங்கும்பொழுதே மூடியும் ரப்பர் வளையமும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். உத்தரவாதச் சீட்டிலே பொருளை வாடிக்கையாளர் கையிற் கொடுத்த நாளை எழுதுதல் வேண்டும். கிடங்கில் ஓராண்டு கிடந்த பொருளுக்குக் கொள்முதல் நாளை எழுதினால், உத்தரவாதம் அவர் கைக்கு வருமுன்னரே தீர்ந்துவிடும். கண்ணாடிப் பண்டங்களை விட்டுவிட்டோம். உடைவது பாதி, உடைந்ததற்கு வழக்குப் பாதி.

கடைப் பையன்களைப் பற்றியும் ஒரு சொல். கார்டு கொணராதவர் பில்லுக்குரிய புள்ளியைப் பையனொருவன் தன் உறவினர் கார்டில் ஏற்றி வந்தது பின்னர் வெளிப்பட்டது. அவன்மேற் சினங்கொள்வதைவிட, பில்லிலேயே புள்ளியும் கார்டு எண்ணும் அச்சாகுமாறு செய்தது பயன் தந்தது.

படத்திலும் எச்சரிக்கை வேண்டும். 1996-ல் அமெரிக்காவிற் பெப்சி கம்பெனியார், எழுபது இலக்கம் புள்ளிக்கு ஹேரியர் என்னும் போர் விமானம் என்று விளம்பரத்தில் வேடிக்கை காட்டினர். புள்ளியைப் பத்து சென்ட் வீதம் விலைக்கும் வாங்கலாம் என்றிருந்தமையால், ஓர் இளைஞர் ஏழு இலக்கம் டாலருக்குச் செக் அனுப்பிவிட்டார்! 1999-ல் நீதிமன்றம் அது விளையாட்டென்று தீர்த்தது. நம்மைக் காக்க அத்தகைய தீர்ப்பு எப்பொழுதும் வாராது. நம் நாட்டு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, கொடுக்கும் எண்ணமின்றிப் பரிசு அறிவிப்பதையும், விலையில் அடக்கிய பொருளை இலவசமென்று தோன்றச் செய்வதையும் முறையற்ற வாணிகம் என்கின்றது. சரக்குச் சேவை வரியிலும், பரிசாகக் கொடுத்த பொருளுக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள இடமில்லை. அதனையும் பொருளின் அடக்க விலையிற் கூட்டிக்கொண்டே புள்ளியை வகுக்க வேண்டும். யாம் முதலில் இதனை மறந்தோம். பின்னர்ப் புள்ளி விகிதத்தை மாற்ற நேர்ந்தது. அதற்கு முன் சேர்ந்த புள்ளிகளைப் பழைய விகிதத்திலேயே தீர்த்தோம். நட்டம் சிறிதுதான், தம்பி முணுமுணுத்தான்.

அத்தனிப் பேரேட்டை இங்குக் கொணர்ந்துள்ளோம். மேசைமேல் இருக்கின்றது. திட்டம் தொடங்க விரும்புவோர் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம். எதிர்க்கடைக்காரரும் வந்திருக்கின்றார், அவரும் பார்க்கலாம்.