தோட்டத்து மாரியம்மன் திருவிழா

(ஆலயத் திருவிழா மேடையில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



ஊருக்கொரு காவல் தெய்வம் என்பது தமிழர் வாழ்வின் பழைய ஒழுங்கு. எல்லையில் ஐயனாரும் முனீஸ்வரரும் காவல் நிற்க, ஊர் நடுவே மாரியம்மை வீற்றிருப்பாள். இவ்வொழுங்கு கடல் கடந்து வந்து வேரூன்றிய இடங்களுள் கோலசிலாங்கூர் வட்டாரமும் வட சிலாங்கூர்த் தோட்டங்களும் சிறப்பானவை. ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங், பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட இன்றைய பெஸ்தாரி ஜெயா, அப்பால் கோலகுபு பாரு, களும்பாங் வரை, தோட்டம் இருந்த இடமெல்லாம் ஓர் ஆலயம் இருந்தது.

சேலம், திருச்சி, தஞ்சை, ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்து வரப்பெற்ற மக்கள், காட்டை அழித்து ரப்பர் நட்டனர். லயத்தருகே ஒரு மரத்தடியில் கல்லையோ சூலத்தையோ நிறுத்தி, ஊர்த் தெய்வத்தின் பெயரைச் சொல்லி விளக்கேற்றினர். பின்னர் அத்தாப்புக் கூரை வந்தது. பலகைக் கொட்டகை வந்தது. பல ஆண்டுகள் கழித்தே செங்கல்லும் கோபுரமும் வந்தன. 1938இல் இந்திய அரசு கூலியாட்களின் குடியேற்றத்தைத் தடை செய்தபோது, ஊர் திரும்பும் எண்ணத்துடன் வந்தவருள் பலருக்கு இம்மண்ணே ஊராயிற்று. அன்று முதல் தோட்டத்து அம்மனே அவர்தம் குலத்துக்கும் ஊருக்கும் தாயானாள்.

மாரி என்றால் மழை. தாயகத்து உழவன் மழை வேண்டி அவளைத் தொழுதான். பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கோ விடியற்கால மழை வேலையைக் கெடுத்து, அன்றைய கூலியையும் குறைத்துவிடும். எனவே அதே தெய்வத்திடம் அவன், விடியலில் பெய்யாதிருக்கவும் வேண்டிக்கொண்டான். மலேரியாவும் அம்மையும் லயங்களை வாட்டிய காலத்தில், வேப்பிலையும் மஞ்சளுமே கைக்கெட்டிய துணை. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததென்று 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. எனினும் வேப்பிலைத் தோரணம் இன்றும் நீங்கவில்லை. அச்சத்தில் பிறந்த வழக்கம் நன்றியில் நிலைத்துவிட்டது எனலாம்.

திருவிழாவின் ஒழுங்கைச் சிறிது எண்ணிப் பாருங்கள். காப்புக் கட்டிய நாள் முதல் விரதம். ஆற்றங்கரையில் கரகம் பாலித்து, பம்பையும் உடுக்கையும் முழங்க அழைத்து வருவர். பால்குடம், மாவிளக்கு, அலகு, தீமிதி என்று நேர்த்திக்கடன்கள் நிறைவேறும். கூழ் வார்த்து எல்லார் பசியும் ஆற்றுவர். இரவில் அம்மன் தேரேறி லயம் லயமாகச் செல்வாள். ஆலயத்துக்கு வர இயலாத நோயாளியின் வாசலிலும், பிள்ளை பெற்றவளின் வாசலிலும் தேர் நிற்கும். மறுநாள் மஞ்சள் நீராட்டு. அண்டைத் தோட்டங்கள் வெவ்வேறு நாளில் விழா வைத்துக்கொண்டதால், உறவினர் ஒருவர் விழாவுக்கு மற்றவர் செல்ல முடிந்தது. பெண் பார்த்தலும் பகை தீர்த்தலும் அங்கேயே நடந்தன.

செலவுக்குத் தொழிலாளர்தம் கூலியில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. நிர்வாகம் விடுமுறையும் லாரியும் கொடுத்து உதவியது. துரைக்கு மாலை மரியாதை நடந்தது. முதல் மரியாதை எவருக்கு என்ற பூசலும், சாதியின் பெயரால் சிலர் ஒதுக்கப்பட்டதும் அவ்விழாக்களில் உண்டு என்பதை மறைத்தல் தகாது. காலம் அவற்றுள் பலவற்றைக் கரைத்திருக்கிறது. கிடா வெட்டு அருகி, ஆகம முறைப் பூசையும் கும்பாபிஷேகமும் பெருகியிருப்பதும் கண்கூடு.

மாற்றங்களுள் மிகப் பெரியது செம்பனையால் வந்தது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரரால் இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கப்பெற்றது. பிற்காலத்தில் ரப்பரின் இடத்தை அப்பனை பிடித்தபோது, ஆட்களின் தேவை குறைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் ரவாங், கிள்ளான், ஷா ஆலம் என்று பிரிந்தனர். லயங்கள் இடிந்தன. பனைகளுக்கு நடுவே ஆலயம் மட்டும் நின்றது.

அந்த ஆலயம் எவர் நிலத்தில் நிற்கிறது என்ற வினா இங்கேதான் எழுகிறது. தோட்ட ஆலயங்களுள் பல, நிறுவனத்தின் நிலத்தில் வாய்மொழி இசைவோடு எழுந்தவை. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, பட்டாவில் பதிவானவரே உரிமையாளர். எத்தனை தலைமுறை வழிபட்டாலும் அதனாலேயே நிலம் ஆலயத்துக்கு உரியதாகிவிடாது. தோட்டம் கைமாறிய பிறகு கண்ணீர் வடிப்பதால் பயனில்லை. கைமாறுவதற்கு முன்பே நிர்வாகக் குழுவைச் சங்கமாகப் பதிவு செய்தல், கணக்கை ஒழுங்காக வைத்தல், நில அலுவலகத்திலும் உரிமையாளரிடத்திலும் எழுத்து வடிவில் விண்ணப்பித்தல் ஆகியவை அறங்காவலர் செய்ய வேண்டிய திருப்பணிகள். கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுவதற்கு முந்திய திருப்பணி இதுவே.

நிலத்துக்கு அடுத்தது நினைவு. முதல் கரகம் எடுத்தவர் எவர், எந்த ஊரிலிருந்து வந்தார், உடுக்கைப் பாட்டின் அடிகள் யாவை என்பன முதியோர் நெஞ்சில் மட்டுமே உள்ளன. அவற்றைக் கேட்டு எழுதுதலும் ஒலிப்பதிவு செய்தலும் இளைஞர் கடன். ஒரு முதியவர் மறைந்தால் ஒரு தோட்டத்தின் வரலாறே மறைகிறது.

ஆண்டு முழுதும் வெறிச்சோடிக் கிடக்கும் செம்மண் பாதையில், திருவிழா நாளன்று கார்கள் வரிசையாக நிற்கின்றன. நகரத்தில் பிறந்த பேரப்பிள்ளைகள் தாத்தாவின் லயம் இருந்த இடத்தைக் கேட்கின்றனர். விடை சொல்ல ஒரு பாட்டியும், விளக்கேற்ற ஓர் ஆலயமும் உள்ளவரை ஊர் அழிவதில்லை. பிள்ளைகளைப் பார்வையாளராக நிறுத்தாது, பால்குடத்தில் ஒன்றையும் பந்தியில் ஒரு வாளியையும் அவர்கள் கையில் கொடுங்கள். சுமந்தவனுக்கே ஆலயம் சொந்தம்.