நூதனசாலையில் ஒரு மூக்குப்பேணி

பழைய பொருள்களைச் சேர்த்துக் காட்சிக்கு வைத்திருக்கும் இடத்தை இலங்கைத் தமிழர் நெடுங்காலமாக நூதனசாலை என்று வழங்கி வருகின்றனர். தமிழ்நாட்டார் அதனை அருங்காட்சியகம் என்பர். நூதனம் என்றால் புதுமை. பழமையைப் பேணும் சாலைக்குப் புதுமையின் பெயரை இடலாமா என்று சிலர் வினவுவதுண்டு. எனக்கோ அந்தப் பெயரிலே ஒரு பொருத்தம் தோன்றுகின்றது. நேற்றுவரை அடுக்களை மூலையிற் கிடந்த ஒரு பாத்திரத்தைத் துலக்கி எடுத்து, மேசைமீது வைத்து, அதன்கீழ் ஒரு சீட்டும் எழுதிவைத்துவிட்டால், அதே பாத்திரத்தை நாம் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறோம். அந்தப் புதிய பார்வையே கண்காட்சி ஒன்று நமக்குத் தரக்கூடிய பெரும் பயன். யாழ்ப்பாணத்திலே நடைபெறும் கண்காட்சிகள் அந்தப் பயனைத் தருகின்றனவா, அதற்கு நாம் செய்யவேண்டியது யாது என்பனபற்றிச் சில நிமிடங்கள் உங்களோடு பேச விரும்புகிறேன்.

கலைப்பொருளைக் கூடிநின்று பார்க்கும் வழக்கம் எமது குடாநாட்டுக்குப் புதியதன்று. திருவிழாக் காலத்திலே தேர் வீதிக்கு வரும்போது, தேர்த்தட்டிலே சிற்பாசாரியார் செதுக்கிய யாளியையும் குதிரையையும் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வாகனத்தின் வண்ணப் பூச்சு எப்படி, திரைச்சீலையின் ஓவியம் எப்படி என்று பெரியவர்கள் தமக்குள்ளே பேசிக்கொள்வார்கள். அங்கே நுழைவுச் சீட்டும் இல்லை. விளக்கச் சீட்டும் இல்லை. இருந்தும் அந்தத் தேரைச் செய்த ஆசாரியார் எந்த ஊரவர், மரம் எங்கிருந்து வந்தது, எவருடைய உபயம் என்பனவெல்லாம் ஊருக்குத் தெரியும். பொருளும் அதன் வரலாறும் பிரியாமலே இருந்தன.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஒருவர் யாழ்ப்பாணத்து வழிவந்தவரே. சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராக 1877ஆம் ஆண்டிற் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1917ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர நுண்கலை நூதனசாலையிலே பணியாற்றினார். 1947ஆம் ஆண்டு மறையும்வரை அந்நிறுவனத்தோடு தொடர்புற்றிருந்த அவரே, கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்ற கேள்வியை எழுப்பினார். நூதனசாலையில் இருக்கும் பழம்பொருள் எதுவும் நூதனசாலைக்காகச் செய்யப்பட்டதன்று. வழிபடவோ உண்ணவோ உடுக்கவோ செய்யப்பட்டது. ஆதலின் அது எதற்காக, எவருக்காக, எவ்வாறு செய்யப்பட்டது என்பதை உணர்த்தாத காட்சி வெறும் வேடிக்கையாகவே முடியும் என்பது அவர் கருத்து.

இந்தக் கருத்தை மனத்திற்கொண்டு நல்லூருக்குச் செல்வோம். நாவலர் வீதியிலே, நாவலர் கலாசார மண்டபத்துக்குப் பின்புறமாக ஒதுங்கியிருக்கிறது யாழ்ப்பாணத் தொல்பொருள் நூதனசாலை. கோட்டையிலிருந்து வந்த ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கி, சேதமுற்ற விக்டோரியா மகாராணியின் ஆளுயரச் சித்திரம், கந்தரோடையிலே கிடைத்த புத்தர் சிலைப் பகுதிகள் எனப் பல காலங்களும் பல ஆட்சிகளும் அங்கே அருகருகே நிற்கின்றன. கந்தரோடையை 1917ஆம் ஆண்டையொட்டி முதலில் ஆராய்ந்தவர் யாழ்ப்பாணத்தில் நீதிபதியாயிருந்த போல் பீரிஸ் அவர்கள். பழைய நாணயங்களோடு, கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் கோல்களும் அங்கே கிடைத்தன என்று அவர் எழுதிவைத்தார். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னும் இந்த மண்ணிலே ஒரு பெண் கண்ணுக்கு மை தீட்டினாள் என்பதை அறியும்போது, வரலாறு அரசர்களுடைய சொத்து மாத்திரம் அன்று என்பது புலப்படுகின்றதன்றோ?

ஆனைக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1980ஆம் ஆண்டிலே பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது, பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமக்குழி ஒன்றிலிருந்து ஒரு முத்திரை கிடைத்தது. கட்டைவிரல் நகத்தளவே உள்ள சிறு கல். அதிலே மேல்வரியிற் குறியீடுகள், கீழ்வரியிற் பிராமி எழுத்துகள். இதே கல்லை எவரேனும் தோட்டத்து மண்ணோடு அள்ளி, எங்கே எடுத்தோம் என்பதை மறந்து, ஒரு பெட்டிக்குள் இட்டிருந்தால், அது அழகான கல்லாக மட்டும் இருந்திருக்கும். எந்தக் குழியில், எந்த எலும்புக்கூட்டின் அருகில், எவ்வகை மட்பாண்டங்களோடு கிடந்தது என்ற குறிப்பு இருந்தமையாலேதான் அது வரலாறாயிற்று. பொருள் பாதி, அதைப்பற்றிய சொல் மறுபாதி.

இனிச் சித்திரக் கண்காட்சிகளைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலே நவீன ஓவியத்துக்கு வழிகாட்டியவர்கள் பெரும்பாலும் பாடசாலைச் சித்திர ஆசிரியர்களே. சித்திர வித்தியாதரிசியாயிருந்த எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938ஆம் ஆண்டில் வின்ஸர் ஓவியக் கழகத்தை நிறுவினார். 1943ஆம் ஆண்டிலே கொழும்பில் லயனல் வென்ற், ஜோர்ஜ் கீற் முதலியோர் கூடி நாற்பத்துமூன்று குழு என்னும் புகழ்பெற்ற ஓவியர் குழுவைத் தொடங்கியபோது, அந்த முதற் கூட்டத்தில் இருந்தோருள் இவரும் ஒருவர். அவருக்குப் பின்வந்த தலைமுறையிலே குருநகரிற் பிறந்த அ. மாற்கு அவர்கள் தாமும் வரைந்து, மாணாக்கர் பலரையும் உருவாக்கினார். அவர்களுட் பெண்களும் பலர் இருந்தனர்.

அக்காலத்துக் கண்காட்சி சில நாள்களே நீடிக்கும். முடிந்ததும் படங்கள் வீடுகளுக்குத் திரும்பிவிடும். அந்த வீடுகளுக்குப் பின்னாளில் நேர்ந்தது என்ன என்பதை நீங்கள் அறிவீர்கள். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக ஊரைவிட்டு நடந்தபோது, கையிலே பிள்ளையைத் தூக்கியவர்கள் சுவரிலே தொங்கிய படத்தைத் தூக்கியிருக்க முடியாது. மாற்கு அவர்களும் இடம்பெயர்ந்து சென்று, 2000ஆம் ஆண்டில் மன்னாரிலே காலமானார். ஆயினும் அவரை அறிந்தவர்கள் 1987ஆம் ஆண்டிலேயே தேடலும் படைப்புலகமும் என்ற மலரை அவருக்காக வெளியிட்டிருந்தனர். படம் போனாலும் படத்தைப்பற்றி எழுதியது நின்றது. இதனாலும் சொல்லின் அருமை விளங்கும்.

நேயர்களே, இந்த இடத்தில் நான் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். ஓர் ஊர்ப் பாடசாலையிலே பழம்பொருட் கண்காட்சி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வீடுவீடாகச் சென்று கேட்டு வாங்கிவந்த பொருள்கள்: எழுத்தாணி, சத்தகம், பனையோலைக் கடகம், இடியப்ப உரல், குத்துவிளக்கு. நடுவிலே ஒரு மூக்குப்பேணி. பிற ஊர் நேயர்களுக்காகச் சொல்கிறேன்: வாயருகே சிறு மூக்கு நீண்டிருக்கும் பித்தளைப் பேணி அது. உதடு படாமல் அண்ணாந்து குடிக்க வசதியானது. யாழ்ப்பாணத்து விருந்தோம்பலின் சின்னமாக அதனைப் பலர் பெருமையோடு காட்டுவர். அங்கும் அதன்கீழ் இருந்த சீட்டிலே “மூக்குப்பேணி, பித்தளை” என்று அழகாக எழுதியிருந்தது.

எண்பது வயது கடந்த முதியவர் ஒருவர் தம் பேர்த்தியோடு அதன்முன் நின்றார். “இது என்ன அப்பு?” என்று சிறுமி கேட்டாள். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: “பிள்ளை, உது எனக்கு நல்லாத் தெரியும். எத்தனையோ வீட்டு விறாந்தையிலை கண்டிருக்கிறன். ஆனால் ஒருநாளும் உதிலை குடிச்சதில்லை. எங்களுக்குச் சிரட்டையிலைதான் வார்த்தவை.”

அருகில் நின்ற எனக்கு நாணம் மேலிட்டது. அந்தப் பேணியின் வளைவையும் பளபளப்பையும் நான் வியந்துகொண்டு நின்றேன். அதன் வரலாற்றிற் பாதியை அவரே அறிந்திருந்தார். சாதியின் பெயரால் ஒருவரைத் தேநீர்க்கடையிலும் கோயிலிலும் தடுப்பது குற்றம் என்று 1957ஆம் ஆண்டிலே சட்டம் வந்தது. அதன் பின்னரும் சமமாக அமர்ந்து தேநீர் அருந்துவதற்கும், 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கோயிலினுள் சென்று வழிபடுவதற்கும் மக்கள் போராடவேண்டியிருந்தது. சிரட்டையை எவரும் கண்காட்சிக்குக் கொண்டுவருவதில்லை. கொண்டுவந்து அந்தப் பேணியின் அருகிலே வைத்தாலன்றோ, பேணி தன் முழுக்கதையையும் சொல்லும்? பிறர் நமக்கு இழைத்த தீங்கைச் சொல்லும் நூதனசாலை, நாம் நம்மவருக்கு இழைத்ததையும் சொல்லுமானால், அதன் சொல்லுக்கு மதிப்பு மிகும்.

எளிய பொருள்களைக்கொண்டு பெரிய உண்மையைச் சொல்ல முடியும் என்பதற்கு எமது ஊரிலேயே சான்று உண்டு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. மீளக் கட்டப்பட்ட அதே நூலகத்திலே 2004ஆம் ஆண்டில் அகம் புறம் என்னும் கண்காட்சி நடைபெற்றது. அங்கே ஓவியர் தா. சனாதனன், போர்க்காலத்தை வாழ்ந்து கடந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிடமிருந்து பெற்ற பொருள்களை வரிசைப்படுத்தி வைத்தார். வரலாறுகளின் வரலாறு என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டிருந்தார். நூல்கள் எரிந்த கட்டடத்திலே மக்களின் வீட்டுப் பொருள்கள் ஏடுகளாக நின்றன.

பின்னர் 2011ஆம் ஆண்டில், முற்றுப்பெறாத தோம்பு என்னும் பொருள்பட ஒரு நூலை அவர் வெளியிட்டார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. வீட்டை இழந்தவர்கள் தத்தம் வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தனர். அந்த வரைபடங்களும், அவர்கள் சொன்ன கதைகளும், ஓவியர் தீட்டிய சித்திரங்களும் அந்நூலில் இடம்பெற்றன. கிணறு எங்கே, மாமரம் எங்கே, சுவாமி அறை எங்கே என்று குறித்துக்கொடுத்த அந்தக் கைகள் ஓவியம் பயின்ற கைகள் அல்ல. எனினும் அந்தக் கோடுகளிலே உள்ள உண்மையை எவர் மறுக்க முடியும்?

இன்று வாய்ப்புகள் பெருகியிருக்கின்றன. நாவற்குழியிலே 2020ஆம் ஆண்டில் சிவபூமி அரும்பொருட் காட்சியகம் திறக்கப்பட்டது. பொது நூலகத்தின் அயலிலே இந்திய அரசின் உதவியோடு எழுந்த யாழ்ப்பாணக் கலாசார நிலையம் 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் மக்களுக்குக் கையளிக்கப்பட்டு, 2025ஆம் ஆண்டில் திருவள்ளுவர் பெயரைப் பெற்றது. அதனுள்ளும் நூதனசாலைக்கு இடம் வகுத்திருக்கிறார்கள். கட்டடங்கள் உயர்ந்துவிட்டன, அவற்றுக்குள் வைக்கவேண்டிய நினைவுகளோ முதியோர் நெஞ்சிலே இருக்கின்றன. அவர்கள் ஒவ்வொருவராக மறையும்போது ஒவ்வொரு பொருளும் ஊமையாகிக்கொண்டே போகின்றது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலே பழைய பொருள் ஒன்றேனும் இருக்கும். செம்பாயிருக்கலாம், கொட்டைப்பெட்டியாயிருக்கலாம், இடம்பெயர்ந்தபோது மடியிலே கட்டிச்சென்ற திறப்பாயும் இருக்கலாம். பூட்டும் கதவும் அழிந்தபின் எஞ்சிய திறப்பு அது. அதனை எடுத்து, ஒரு காகிதத்திலே ஐந்து வினாக்களுக்கு விடை எழுதுங்கள். இதன் பெயர் என்ன? இதனைச் செய்தவர் எவர்? பயன்படுத்தியவர் எவர்? எந்தெந்த இடங்களைக் கடந்து இங்கு வந்தது? இதனைத் தொடும் உரிமை எவருக்கு இல்லாதிருந்தது? விடை தெரியாவிட்டால், வீட்டிலுள்ள மூத்தவரை இன்றே கேளுங்கள். எழுதிய காகிதத்தைப் பொருளோடு சேர்த்து வையுங்கள். நாளை அது நூதனசாலைக்குச் சென்றாலும், உங்கள் பேரப்பிள்ளையின் அலமாரியிலேயே இருந்தாலும், பேசும் பொருளாக இருக்கும்.

கண்காட்சிக்குச் செல்லும்போது பிள்ளைகளை மட்டும் அனுப்பாதீர்கள்; முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் எந்தப் பொருளின்முன் நின்றுவிடுகிறாரோ, அங்கே நீங்களும் நில்லுங்கள். சீட்டிலே எழுதாத செய்தியை அவர் சொல்லக்கூடும்.

நான் கண்ட அந்தப் பாடசாலையிலே, மறுநாட் காலை மூக்குப்பேணியின் பக்கத்தில் ஒரு சிரட்டை இருந்தது. அதன்கீழ் ஒரு சிறுமியின் கையெழுத்திலே, “எங்கள் அப்பு தண்ணீர் குடித்தது இதில்” என்று எழுதியிருந்தது.